ராத்திரி ஒன்று: அமிட்ரிப்டிலின் மாத்திரையை வீட்டில் கொடுப்பவர்களுக்கு

போன ஐப்பசியில் அம்மாவுக்கு அக்கி வந்தது. வலப்பக்க விலாவைச் சுற்றிப் பட்டையாகக் கொப்புளம். மூன்று வாரத்தில் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. புடவைத் தலைப்பு பட்டாலே தீப்பட்டதுபோல் துடித்துப்போவார். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு ‘அமிட்ரிப்டிலின் 10 மி.கி., ராத்திரி ஒன்று’ என்று எழுதிக்கொடுத்தார். பொட்டு அளவு மாத்திரை. அதை ஆரம்பித்த பதினோராம் நாள், விடியற்காலை மூன்று மணிக்கு, அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தார்.

எலும்பு முறியவில்லை, புருவத்தில் நான்கு தையலோடு போயிற்று. ஏன் விழுந்தார் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன். வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், ஹோம் நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும் இது உதவும். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மூன்றும் டாக்டர் வேலை. அதில் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

1. சீட்டைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள்

மாம்பலத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் 43 என்று உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு துண்டுத் தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நான் வெறுங்கையோடு போனேன்.

முதல் கேள்வி, இது எதற்காக? அமிட்ரிப்டிலின் ‘ட்ரைசைக்ளிக்’ என்ற வகையைச் சேர்ந்த பழைய மனச்சோர்வு மருந்து. குறைந்த அளவில் அதையே நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருப்பதற்கும் கொடுக்கிறார்கள். இதை டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமி மாத்திரைப் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இது மனநோய்க்குக் கொடுக்கறதாச்சே” என்று அம்மாவிடமே சொல்லிவிட்டார். இரண்டு நாள் அம்மா வாயைத் திறக்கவில்லை. சீட்டிலேயே ‘நரம்பு வலிக்கு’ என்று ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து வரும் நர்ஸுக்கும் அது உதவும்.

அடுத்தது, எத்தனை நாளில் பலன் தெரியும்? வலிக்கு என்றால் ஓரிரு வாரத்தில் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கலாம். சரியான அளவுக்குக் கொண்டுபோய், பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட ஆறிலிருந்து எட்டு வாரம்கூட ஆகும். மனச்சோர்வுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். தூக்கமும் வாய் வறட்சியும் முதல் நாளே வந்துவிடும், பலன்தான் மெதுவாக வரும். இது தெரியாமல்தான் நிறைய பேர் ஐந்தாம் நாள் ‘இது வேலைக்காகாது’ என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை. சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்ததா, ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்னோட்டத்தில் தடை) அல்லது துடிப்பில் தாறுமாறு உண்டா, கண்ணில் நீர் அழுத்தம் உண்டா, புராஸ்டேட் வீக்கம் அல்லது சிறுநீர் தடைபட்ட அனுபவம் உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறி, ஒரேயடியாக இறங்கும் நோய்) என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா, ஈரல் கோளாறு உண்டா. இதில் ஒன்று இருந்தாலும் இந்த மருந்தே வேண்டாம் என்று ஆகலாம், அல்லது வேறு கவனம் தேவைப்படலாம்.

வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் ‘பீயர்ஸ் பட்டியல்’ என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு முடிந்தவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் அது. அமிட்ரிப்டிலின் அதில் இருக்கிறது. அதனால் கொடுக்கவே கூடாது என்றில்லை, வேறு வழி இல்லாதபோது கொடுக்கத்தான் செய்கிறார்கள். “வயசானவங்களுக்கு இதைவிடத் தோதான வேற மருந்து உண்டா சார்?” என்று பணிவாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஈசிஜி எடுக்கச் சொல்லவில்லையென்றால் அதையும் கேளுங்கள். இந்த வகை மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடியவை. வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆரம்பிக்கும் முன் ஒரு ஈசிஜி இருந்தால், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. எங்கள் தெருமுனை லேபில் 350 ரூபாய், பத்து நிமிடத்தில் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் நாளாக ஆக மங்கிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.

2. எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கால் எரிகிறது என்று சொன்னதால் சர்க்கரை டாக்டர் ஒரு கேப்ஸ்யூல் எழுதியிருந்தார், ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரின் வாலில் ‘என்.டி.’ (NT) என்று இரண்டு எழுத்து. அதை நான் கவனித்ததே இல்லை. தையல் பிரிக்கப் போன நாளில்தான் வார்டு நர்ஸ் ஒருவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்துச் சொன்னார்: பிரிகாபலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. நார்ட்ரிப்டிலின் என்பது அமிட்ரிப்டிலினின் உடன்பிறப்பு. அமிட்ரிப்டிலின் உடம்புக்குள் போய் உடைந்தாலே நார்ட்ரிப்டிலினாகத்தான் மாறுகிறது. ஆக, அம்மா ஒரே வகை மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, மார்கழிப் பனியில் சளி பிடித்தது என்று தானாகவே கடையில் வாங்கிய சளி மாத்திரை வேறு. அதுவும் தூக்கத்தைக் கொடுப்பது, வாயை உலர்த்துவது.

நரம்பு டாக்டருக்குச் சர்க்கரை டாக்டரின் சீட்டு தெரியாது. சர்க்கரை டாக்டருக்கு மற்றவர் சீட்டு தெரியாது. கடைக்காரருக்குச் சளி மாத்திரை யாருக்கென்றே தெரியாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கக் கூடிய ஒரே ஆள் வீட்டில் டப்பா வைத்துக் கொடுக்கும் நான்தான். நானும் பார்க்கவில்லை.

எனவே வீட்டிலிருக்கும் அத்தனை அட்டைகளையும் மேசையில் கொட்டுங்கள். முன்பக்கத்துப் பெரிய பெயர் கம்பெனி வைத்தது, அது வேண்டாம். பின்பக்கம் இருக்கும் மருந்துப் பெயரை எழுதுங்கள், கூடவே மி.கி., எந்த வேளை, எந்த டாக்டர். எழுதியபின் கீழே உள்ளவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்:

- பெயர் ‘ட்ரிப்டிலின்’ என்று முடியும் இன்னொன்று. முக்கியமாகப் பிரிகாபலின், கேபாபென்டின் கூட்டு மாத்திரைகளுக்குள் ஒளிந்திருக்கும்.
- குளோர்டயஸெபாக்சைடு. பதற்றத்துக்குத் தரும் பழைய கூட்டு மாத்திரைகளில் இதோடு அமிட்ரிப்டிலினும் சேர்ந்தே வரும்.
- டிராமடால் வலி மாத்திரை. வலிப்பு வரும் அபாயம் கூடும். காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, பேதி எல்லாம் சேர்ந்து வரும் செரட்டோனின் நச்சு நிலையும் வரலாம்.
- ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள். இவை அமிட்ரிப்டிலின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.
- லினஸோலிட் என்ற ஆன்டிபயாடிக்.
- தூக்க மாத்திரைகள், குளோர்பெனிரமைன் கலந்த சளி மாத்திரைகள், இருமல் சிரப்புகள்.
- சிறுநீர் அடிக்கடி போவதைக் குறைக்கும் ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனசின். கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில்.

இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாளைப் போட்டோ எடுத்து, எழுதிக்கொடுத்த டாக்டரிடமே காட்டுங்கள். நாட்டு மருந்துக் கடை லேகியம், சூரணம் எதுவானாலும் அதுவும் தாளில் ஏற வேண்டும். குடிப்பழக்கம் உண்டென்றால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். இந்த மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது. பல் பிடுங்கப் போனாலும் தாள் கூடவே போகட்டும். மரத்துப்போக வைக்கும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கலாம், பல் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர்கள் நான்கைந்து பேர் என்று ஆகிவிட்டால், முதியோர் மருத்துவர் ஒருவரிடம் மொத்தத் தாளையும் கொடுத்துச் சீராக்கிக்கொள்வது நல்லது. கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. அரசு மருத்துவமனைதான். காலையிலேயே போய் ஓபி சீட்டுப் போட்டுவிடுங்கள், அட்டைகளையும் பையோடு எடுத்துப் போங்கள்.

3. கடையில்

இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். மாத்திரை ஒன்று சில ரூபாய்தான், விலை ஒரு பிரச்சினையே இல்லை. அளவுதான் பிரச்சினை. 10, 25, 50, 75 மி.கி. என்று எல்லாம் ஒரே பெயரில் வருகிறது. ‘10 ஸ்டாக் இல்ல, 25 தரேன், பாதி பண்ணிக் குடுங்க’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். மேல்பூச்சு உள்ள மாத்திரையைக் கத்தியால் நறுக்கினால் ஒருநாள் எட்டு, ஒருநாள் பதினாறு என்றுதான் வரும்.

அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் வருமாறு கேட்டு வாங்குங்கள். பில் கட்டாயம்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் ஒரு பொறி உண்டு. அரசு அட்டையில் கம்பெனி வைத்த பிராண்டுப் பெயர் இருக்காது, மருந்துப் பெயர்தான் இருக்கும். தனியார் டாக்டர் எழுதிய பிராண்டும், அரசு மருத்துவமனையில் வாங்கிய அட்டையும் பார்வைக்கு இரண்டு வேறு மருந்து போலத் தெரியும். இரண்டையும் கொடுத்துவிடுவார்கள்.

ஒரே தடவையில் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள். ஏனென்று அடுத்து சொல்கிறேன்.

4. பூட்டி வையுங்கள்

அளவு மீறினால் மிக ஆபத்தான மருந்துகளில் இது ஒன்று. ஒன்றிரண்டு 75 மி.கி. மாத்திரையே தவழும் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும். லீவுக்குப் பேரன் பேத்தி வரும் வீடு என்றால், ஃபிரிட்ஜ் மேல், சாமி அலமாரி, தலையணைக்கடி எதுவும் ஆகாது. சாவி போட்ட அலமாரிதான். ஃபிரிட்ஜுக்குள்ளும் வேண்டாம். வெயில் படாத, ஈரம் இல்லாத இடம் போதும்.

மனச்சோர்வுக்காகச் சாப்பிடுபவரிடம் முழு அட்டையைக் கொடுத்து வைக்காதீர்கள். ஒருவாரத்துக்குமேல் வீட்டில் இருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆராயுங்கள், கூடினாலும் ஆராயுங்கள். கூடினால் யாரோ கொடுக்க மறந்திருக்கிறார்கள், அல்லது அவர் விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி எங்கோ சேர்த்து வைக்கிறார்.

5. முதல் இரண்டு வாரத்து இரவுகள்

பத்தரைக்கு மாத்திரை கொடுத்தால் மறுநாள் பத்து மணிவரை அம்மா கிறங்கிக் கிடந்தார். டாக்டரைக் கேட்டு எட்டு மணிக்கு மாற்றினோம், காலை தெளிந்தது. படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னால் கொடுப்பது பலருக்கு ஒத்துவருகிறது. உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள்.

உட்கார வைத்து, முழு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்து தெரியாமல் ஊட்டும் வேலை வேண்டாம். கசப்பு தெரிந்துவிடும், நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் சாதத்தையே நம்ப மாட்டார்கள். விழுங்குவது சிரமம் என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

விழுவதுதான் பெரிய பயம். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். மேல்கையில் கட்டும் பிபி மெஷின் ஒன்று வாங்குங்கள், எங்களுக்கு 1,900 ரூபாய் ஆனது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை பாருங்கள். எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நிற்கவைக்கும்போது பக்கத்திலேயே ஒரு கை பிடித்திருக்கட்டும். ஆரம்பிப்பதற்கு முந்தைய நாள் ஒன்று, ஆரம்பித்தபின் தினமும் காலையில், அளவு கூட்டும்போதெல்லாம் மறுபடி.

இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வழியில் மிதியடி, வாளி, மடக்கு நாற்காலி எதுவும் கூடாது. எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அம்மாவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு: ‘பத்து தடவை ராமா சொல்லிட்டு எழுந்திரும்மா.’ நிமிடக் கணக்கு ஒருநாளும் நினைவிருக்கவில்லை, ராமா நினைவிருந்தது.

இளவயதுக்காரர் என்றால் முதல் சில நாள் டூவீலர் எடுக்கவேண்டாம். அளவு கூட்டிய மறுநாளும் அப்படியே.

6. நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எங்கள் நோட்டிலிருந்து ஒரு நாள்:

‘இரவு 8.10 அமி 10. காலை பிபி படுத்து 138/80, நின்று 3 நிமிடம் 112/70, தலை சுற்றல் உண்டு. மோஷன் 3ஆம் நாளாக இல்லை. யூரின் இரவு 2 முறை, சொட்டுச் சொட்டாக. வலி பத்துக்கு ஏழு. மதியம் உளறல்.’

அந்த ‘உளறல்’ என்ன தெரியுமா? மத்தியானம் தூங்கி எழுந்த அம்மா, “அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சா, காபி கலக்கட்டுமா?” என்று கேட்டார். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. வயசாயிற்று, மறதி ஆரம்பித்துவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டு அழவும் செய்தோம். மறதி நோய் ஒன்றும் இல்லை. டாக்டர்கள் பேசி என்.டி. கேப்ஸ்யூலை மாற்றிக்கொடுத்து, சளி மாத்திரையையும் நிறுத்தியபின் ஒருவாரத்தில் அம்மா பழையபடி சீரியல் கதையில் யார் யாருக்கு என்ன முறை என்று எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். புது மருந்து ஆரம்பித்தபின் திடீரென்று குழப்பம் வந்தால், முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள்.

நோட்டில் கவனிக்க வேண்டியவற்றில் மலச்சிக்கல் பலருக்கும் வரும் தொல்லை. மூன்று நாள் போகவில்லையென்றால் டாக்டரைக் கேளுங்கள், வயிறு கல்லாகும்வரை காத்திருக்காதீர்கள். கொய்யா, கீரை, போதுமான தண்ணீர். சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்தான்.

சிறுநீர் விஷயம் அதைவிட முக்கியம், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆண்கள் மகளிடமோ மருமகளிடமோ சொல்லவே மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். முக்க வேண்டியிருக்கிறதா, சொட்டுகிறதா, போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா? பல மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்பி வலித்தால் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். டியூப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

வாய் வறண்டால் அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் போதும். சர்க்கரைக்காரர்களுக்குப் புளிப்பு மிட்டாய் கொடுக்காதீர்கள், வாய் உலர்ந்திருக்கும்போது பல்லும் சீக்கிரம் சொத்தையாகும். பார்வை மங்கலாகத் தெரிவது சிலருக்கு வரும். ஆனால் கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

நம் ஊருக்கென்று ஒன்று. இந்த மருந்து வியர்வையைக் குறைக்கும். அக்னி நட்சத்திரத்தில், கரன்ட் போன மத்தியானத்தில், வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது. தோல் காய்ந்து சுட்டால், முகம் சிவந்து தடுமாறினால், ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் தேடுங்கள்.

மனச்சோர்வுக்காக ஆரம்பித்தவர்களிடம், குறிப்பாக இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம், முதல் சில வாரமும் அளவு மாறும்போதும் கூடுதல் கண் வேண்டும். திடீர்ப் படபடப்பு, தூக்கமே இல்லாத உற்சாகம், சாவைப் பற்றிய பேச்சு, எதுவானாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவிலும் தமிழில் பேசலாம்.

7. ஆள் மாறும் நேரம்

விழுந்த பிறகு பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஹோம் நர்ஸ் வைத்தோம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய், சாப்பாடு தனி. மாற்றம் இரவு எட்டு மணிக்கு. மாத்திரை நேரமும் எட்டு மணி! போகிறவர் கொடுத்துவிட்டுப் போவார், வருகிறவர் மறுபடி கொடுப்பார். நல்லவேளை, இரண்டாம் நாளே பிடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரே விதி வைத்தோம். இரவு வருகிறவர்தான் கொடுக்க வேண்டும். அட்டையிலிருந்து பிதுக்கும்முன் நோயாளி பெயர், மருந்துப் பெயர், மி.கி., நேரம் எல்லாம் தாளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். விழுங்கியதைக் கண்ணால் பார்த்தபின் நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து. முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது கிடையாது. வாயால் ‘குடுத்துட்டேன்’ என்றது கணக்கில் சேராது. ஒரே வீட்டில் இரண்டு பெரியவர்கள் என்றால் டப்பாக்கள் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு அறையில் இருக்கட்டும்.

மறந்துவிட்டால்? விட்டது விட்டதுதான். மறுநாள் காலையில் கொடுக்காதீர்கள், பகலெல்லாம் தள்ளாடுவார். அடுத்த இரவு இரண்டாகச் சேர்த்தும் கொடுக்காதீர்கள். நோட்டில் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதினால் போதும். எழுதியதற்காக யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை பொய்க் கையெழுத்து வரும்.

8. அதிகமாகப் போய்விட்டால்

கூடுதலாகச் சாப்பிட்டது தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ உடனே 108. ‘நல்லாத்தானே பேசறாங்க’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த மருந்தின் ஏமாற்று வேலையே அதுதான். ஒரு மணி நேரம் சாதாரணமாக இருந்தவர் அடுத்த மணியில் நினைவிழக்கலாம். அதிகத் தூக்கம், விரிந்த கண் பாப்பா (கண்ணின் நடுவிலுள்ள கருவட்டம்), காய்ந்த சூடான தோல், படபடவென்ற நாடி, வலிப்பு இவையெல்லாம் பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஈசிஜி மானிட்டர் மாட்டி மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். இதயத்துக்குத் தேவைப்படும் சோடியம் பைகார்பனேட் ஊசி அங்கேதான் போட முடியும்.

உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாதி மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காலி அட்டை, மீதி மாத்திரை, அந்த ஒரே தாள், நோட்டு எல்லாம் ஒரு கவரில் போட்டு ஆம்புலன்ஸிலேயே ஏறுங்கள். ‘எத்தனை மணிக்கு, எத்தனை மி.கி., எத்தனை மாத்திரை’ என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டருகில் உள்ள ஆஸ்பத்திரிகளில் எதில் இருபத்துநாலு மணி நேரமும் ஐசியூ இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். தூரம் இருந்தாலும் பரவாயில்லை என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கவே இருக்கிறது.

9. நிறுத்தும்போது

வலி போய்விட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் குமட்டல், தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரிசையில் வரும். அதைப் பார்த்து ‘மாத்திரைக்கு அடிமையாகிட்டாங்க’ என்று பயப்படவும் செய்வார்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பொதுவாக நான்கு வாரம்போல எடுத்து நிறுத்துவார். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்து அறுந்துபோவதும் இதே கதைதான். பொங்கல், தீபாவளிக்குக் கிளம்பும்முன் இருப்பை எண்ணுங்கள். ஆபரேஷன் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொல்லி, நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் நிறுத்தினார்கள். அட்டையில் ஆறு மாத்திரை மீதி. பக்கத்து வீட்டு மாமிக்கு முட்டி வலி. “மிச்சம் இருந்தா எனக்குக் குடேன், உங்கம்மாவுக்குத்தான் அப்படிக் கேட்டுதே” என்று வந்து நின்றார். அவருக்குக் கண் நீர் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து ஓடுவது எனக்குத் தெரியும். மாமிக்கு ஒரு காபி கலந்து கொடுத்தேன். அப்புறம் ஆறையும் பிதுக்கி, ஃபில்டரில் இருந்த காபிச் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன். அட்டையிலிருந்த பெயரைப் பேனாவால் அடித்தும் விட்டேன்.